தீயணைப்புக் கோப்பில் ஒரு ஃபயர்வால்

பனியன் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கப் போகிறவனிடம் யாரும் உண்மையான கோளாறைச் சொல்ல மாட்டார்கள். போனில் வரும் புகார்கள் மொத்தமே இரண்டுதான். "சிஸ்டம் ஓடலீங்க." "நெட்டு வரலீங்க." திரை உடைந்தாலும் சிஸ்டம் ஓடலீங்கதான். எலி வயரைக் கடித்தாலும் நெட்டு வரலீங்கதான். வரிசையாக ஓடும் தையல் மெஷின்களில் எதில் ஊசி மழுங்கியிருக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிற டெய்லர்கள் இருக்கிற ஊர் இது. அதே கட்டிடத்தின் மாடியில் ஏசி அறைக்குள் படித்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பிரிண்டரில் பேப்பர் தீர்ந்துபோனதற்கு அவர்கள் என்னை வெயிலில் வேலம்பாளையம் வரை வரவழைப்பார்கள்.

வரவழைத்தால் நானும் சும்மா திரும்புவதில்லை. எங்கள் கடையில் சர்வீஸ் சீட்டுப் புத்தகம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். வெள்ளைத் தாள் கம்பெனிக்கு, கார்பன் வைத்த மஞ்சள் தாள் கடைக்கு. என்ன கோளாறு, என்ன செய்தீர்கள் என்ற கட்டங்களுக்குக் கீழே, கடைசியாக ஒரு கட்டம்: காரணம். அதில் நான் வருடக்கணக்காக எழுதிவந்தது இரண்டே சொற்கள். யூசர் மிஸ்டேக். அதை எழுதிவிட்டால் கடையில் ஒரு கேள்வியும் வராது, கம்பெனியும் சாமானை மாற்றிக் கொடு என்று கேட்காது. காரணம் தெரிந்தால் அதை எழுதுவேன். தெரியாவிட்டால் பேனாவை இன்னும் அழுத்தி எழுதுவேன்.

நான் சொல்லவரும் கம்பெனி நடுத்தரமான எக்ஸ்போர்ட் கம்பெனி. முதலாளி அறுபது வயதைத் தாண்டியவர். அமாவாசைக்கு அமாவாசை எல்லா மெஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் காட்டுவார். கம்ப்யூட்டருக்கும் உண்டு. ஒருமுறை ஸ்கேனரின் கண்ணாடிக்கு நடுவிலேயே பொட்டு வைத்துவிட்டு, ஸ்கேன் செய்கிற தாளிலெல்லாம் சிவப்பாக ஒரு வட்டம் வருகிறது, வைரஸா என்று கேட்டு என்னைக் கூப்பிட்டார்கள். அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. யாராவது தவறு செய்தால் சத்தம் போட மாட்டார், தவறைத் தாளில் எழுதி நோட்டீஸ் போர்டில் பெயரோடு குத்திவிடுவார். அந்த போர்டு சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் இருக்கிறது. கைகழுவ வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் அதைப் படித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

கீழே பேக்கிங் செக்‌ஷன். அங்கே ஒரு மேசையில் ஒரு கம்ப்யூட்டர், அதோடு வயரில் இணைத்த ஸ்டிக்கர் பிரிண்டர். மாடியில் இருக்கும் மெர்ச்சண்டைசர்கள், அதாவது வெளிநாட்டுப் பையர்களோடு மெயிலில் பேசுகிறவர்கள், ஆர்டர் விவரத்தைத் தட்டிப் பிரிண்ட் கொடுப்பார்கள். கீழே உள்ள கம்ப்யூட்டர் அதை வாங்கி, பக்கத்துப் பிரிண்டரில் ஸ்டிக்கராக எடுத்துத் தரும். அதைக் கிழித்து அட்டைப்பெட்டிகளில் ஒட்ட வைப்பதும், எந்தப் பெட்டியில் எந்த சைஸ் என்று பதிவதும் ஓர் அம்மாவின் வேலை. நாற்பது வயது இருக்கும். பிசிறு வெட்டுகிற மேசையில் நாளெல்லாம் நின்றுகொண்டு நூல் கத்தரித்தவர், மகளின் பள்ளிப் புத்தகத்தைப் பார்த்துக் கீபோர்டில் எழுத்துகளைப் பழகி, நாலு வருடம் கழித்து இந்த நாற்காலிக்கு வந்தவர். அந்த செக்‌ஷனில் முதுகு சாய்க்க வசதியுள்ள நாற்காலி அது ஒன்றுதான்.

அன்றைக்கு மாடியில் இருந்து கொடுத்த எந்தப் பிரிண்டும் கீழே வரவில்லை. மாடித் திரைகளில் பிரிண்டர் ஆஃப்லைன் என்று காட்டியது. வழக்கம்போல் சிஸ்டம் ஓடலீங்க என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் நேராகக் கீழே போனேன். அந்த அம்மாவின் கம்ப்யூட்டரில் இருந்தே ஒரு டெஸ்ட் பேஜ் கொடுத்தேன். அழகாக வந்தது. பிரிண்டர் நன்றாக இருக்கிறது, கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கிறது. அப்படியானால் ஆள்தான் சரியில்லை என்று முடிவு கட்ட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. போதாததற்குப் பிளக் போர்டில், பிரிண்டரின் வயருக்குப் பக்கத்தில், செல்போன் சார்ஜர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா நாற்காலியை எனக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றார். "ஏனுங்ணா, இங்கிருந்து குடுத்தா வருதுங்க. மேலருந்து குடுத்தாத்தான் வர்றதில்லீங்க. நேத்து மத்தியானம் ஃபயர் சார் வந்து இதுல என்னமோ அமுக்கிட்டுப் போனாருங்க. அதுக்கப்பறந்தான் இப்பிடீங்க."

இதைவிடத் தெளிவாக ஒரு கோளாறை என் வாழ்நாளில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. எங்கே வேலை செய்கிறது, எங்கே செய்யவில்லை, எப்போதிருந்து, யார் கை பட்ட பிறகு, எல்லாம் அதில் இருந்தது. ஆனால் என் காதில் விழுந்தது ஃபயர் சார் என்ற இரண்டு சொற்கள் மட்டும். எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஏம்மா, போன் சார்ஜ் போட பிரிண்டர் பிளக்கப் புடுங்கறது. கேட்டா ஃபயர் சார் அமுக்குனாரு, போலீஸ் சார் அமுக்குனாருங்கறது."

"அது என்ற சார்ஜர் இல்லீங்க. என்ற போனுக்கு அந்தச் சார்ஜர் பின்னு சேராதுங்க." தன் போனை எடுத்து என் முன்னால் நீட்டினார். பட்டன் வைத்த பழைய போன். நான் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. காரணம் என்ற கட்டத்தில் யூசர் மிஸ்டேக் என்று எழுதி, அன்றைக்குக் கொஞ்சம் தாராள மனதோடு, பிரிண்டர் பிளக்கைக் கழற்றிச் செல்போன் சார்ஜ் போடுகிறார்கள் என்றும் சேர்த்து எழுதினேன். மாடிப்படி ஏறிப் பார்க்கவே இல்லை. அன்று இன்னும் மூன்று கம்பெனிக்குப் போக வேண்டியிருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை என்னவென்றால், ஏறத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன்.

எட்டு நாள் கழித்து முதலாளியே கூப்பிட்டார். "ஆள மாத்தியாச்சுங்க. அப்பவும் மேலருந்து வரலீங்க. பென்டிரைவுல கொண்டுபோயிக் கொண்டுபோயி எடுக்கறாங்க, பொட்டி மேல ஸ்டிக்கர் மாறிப் போகுதுங்க." ஆளை மாற்றியாச்சு என்றதை அப்போது நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த முறை மாடிக்குப் போனேன். அங்கிருந்து மற்ற எல்லாக் கம்ப்யூட்டரையும் தொட முடிந்தது. பேக்கிங் கம்ப்யூட்டர் மட்டும் கூப்பிட்ட குரலுக்குப் பதிலே சொல்லவில்லை. வயர் நன்றாக இருந்தது. இணைப்புப் பெட்டியில் விளக்கு மினுக்கியது. எல்லாம் இருந்தும் பதில் இல்லை என்றால் அது ஃபயர்வாலாகத்தான் இருக்க வேண்டும். ஃபயர்வால் என்பது கம்ப்யூட்டருக்குள் நிற்கிற வாட்ச்மேன். வெளியிலிருந்து வருகிறவனை யார், எதற்கு என்று கேட்டு உள்ளே விடுவது அவன் வேலை. ஆனால் அந்தக் கம்பெனியில் வாட்ச்மேனே கிடையாது என்பது எனக்குத் தெரியும். முதன்முதலாகக் கம்ப்யூட்டர்களை மாட்டிய அன்று எல்லாவற்றிலும் ஃபயர்வாலை அணைத்துவைத்தவன் நான்தான். பிரிண்டருக்கு மட்டும் வழி விடு என்று அதற்குச் சொல்லி வைக்க ஒரு கம்ப்யூட்டருக்குப் பத்து நிமிடம் ஆகும். அணைக்க ஒரு க்ளிக் போதும். இந்த ஊரில் சர்வீஸ் பார்க்கிற பாதிப் பேர் அந்த ஒரு க்ளிக்கில்தான் பிழைப்பு நடத்துகிறோம்.

கீழே வந்து பார்த்தேன். ஃபயர்வால் பச்சை டிக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. வெறுமனே ஓடவில்லை. வெளியிலிருந்து வரும் எல்லா இணைப்பையும் தடுக்கவும் என்று ஒரு கட்டம் உண்டு, விமான நிலையத்துப் பொது வைஃபையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் போடுவது. அதிலும் டிக். மாடியில் இருந்து வந்த ஒவ்வொரு ஸ்டிக்கரும் இந்த வாசலில் நின்று திரும்பிப் போயிருக்கிறது.

"இதுல யாருங்க கைய வெச்சது?" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

ஃபயர் சார் வந்தார். தீயணைப்புக்காரர் இல்லை அவர், கம்ப்ளையன்ஸ் அதிகாரி. பையர் அனுப்புகிற ஆடிட்காரர்கள் வரும்போது கம்பெனி சட்டப்படி நடக்கிறது என்று காட்டுவது அவர் வேலை. மாதம் ஒருமுறை மணியடித்து எல்லோரையும் வெளியே ஓடவைத்து ஒத்திகை பார்ப்பதால், தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர்தான் ஃபயர் சார். எட்டு நாள் முன்பு அந்த அம்மா சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நாந்தானுங்க வெச்சேன்" என்றார், பாராட்டை எதிர்பார்த்து நிற்கிறவர்போல. "இதுல செவப்பா, ஃபயர்வால் ஆஃப்ல இருக்குதுன்னு வந்துச்சுங்க. ஆடிட் வருது. ஃபயர் சமாச்சாரம் ஒண்ணு ஆஃப்ல இருந்தா சும்மா விடுவாங்களாங்க? எல்லா சிஸ்டத்துலயும் ஆன் பண்ணிப் போட்டனுங்க. இது பேக்கிங் பாருங்க, பூராவும் அட்டப்பொட்டி. சீக்கிரம் பத்திக்கும். அதனால இதுக்கு மட்டும் எல்லாத்தையும் அடச்சுட்டனுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் ஆதாரத்தையும் எடுத்துவந்துவிட்டார். தீயணைப்புக் கோப்பு. சிலிண்டர் நிரப்பிய சான்றிதழ், ஒத்திகையில் ஓடுகிற பெண்களின் படம், இரண்டுக்கும் நடுவில் முழுப் பக்கத்துக்கு ஒரு கலர் படம். அந்த அம்மாவின் நாற்காலியில் இவர் உட்கார்ந்து, திரையில் இருக்கும் பச்சை டிக்கை விரலால் சுட்டிக் காட்டுகிறார். ஆடிட் படங்களில் யாராவது எதையாவது சுட்டிக் காட்டியே ஆக வேண்டும். கம்பெனி கேமராவில் எடுத்தது, மூலையில் தேதியும் நேரமும் விழுந்திருந்தன. இந்தக் கோளாறுக்கு நான் முதல்முறை வந்ததற்கு முந்தின நாள், மத்தியானம்.

படத்தை இன்னும் கொஞ்சம் பார்த்தேன். பிரிண்டரின் தலைமேல் ஒரு பெரிய போன் கிடந்தது. அதிலிருந்து வயர் இறங்கிப் பிளக் போர்டுக்குப் போனது. "இது யார் போனுங்க?" என்றேன்.

"என்றதுதாங்க. சார்ஜர அங்கயே மறந்து வெச்சுட்டு ரெண்டு நாளாத் தேடுனனுங்க."

அவருக்குப் பின்னால், படத்தின் பாதியை அடைத்துக்கொண்டு, அட்டைப்பெட்டிகள் உத்தரம் வரை அடுக்கியிருந்தன. பெட்டிகளுக்கு மேலே எக்ஸிட் என்ற பச்சைப் பலகை அரைகுறையாகத் தெரிந்தது. தீப்பிடித்தால் மனிதர்கள் ஓட வேண்டிய கதவை மூடிவைத்துவிட்டு, ஸ்டிக்கர் வருகிற வழியையும் மூடிவிட்டு, இரண்டையும் ஒரே படத்தில் பிடித்துத் தீயணைப்புக் கோப்பில் போட்டிருந்தார்கள். அதில் நாலு பேர் கையெழுத்து வேறு. நான் திரும்பி அந்தக் கதவைப் பார்த்தேன். பெட்டிகள் அங்கேயேதான் இருந்தன. ஆடிட்டுக்கு முந்தின நாள் நகர்த்துவார்கள், மறுநாள் திரும்ப அடுக்குவார்கள். இந்த மனிதரை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது. ஆனால் அவர் பயந்தது அந்தச் சிவப்பு எழுத்துக்கு. அதை அங்கே வரவைத்தவன் நான். பத்து நிமிடம் சோம்பல் படாமல் இருந்திருந்தால் ஃபயர்வால் முதல் நாளிலிருந்தே பச்சையாக இருந்திருக்கும், இவர் இந்த நாற்காலிப் பக்கமே வந்திருக்க மாட்டார்.

எல்லாவற்றையும் தடு என்ற டிக்கை எடுத்தேன். அனுமதிப் பட்டியலில் பிரிண்டர் பகிர்வைச் சேர்த்தேன், கம்பெனிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும். ஃபயர்வாலை அணைக்கவில்லை. வருடக்கணக்காகச் செய்யாத வேலையை அன்றுதான் ஒழுங்காகச் செய்தேன். முடித்ததும் பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. எட்டு நாளாக மாடியில் ஒவ்வொருவரும் கோபத்தில் திரும்பத் திரும்ப அமுக்கிய பிரிண்ட் எல்லாம் வரிசையாக வந்தது. ஏற்கெனவே கப்பல் ஏறிவிட்ட பெட்டிகளுக்கான ஸ்டிக்கர்கள் மேசையில் விழுந்து, மேசை நிரம்பித் தரையில் சுருண்டன. மெர்ச்சண்டைசர் ஒருவர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "வருதுங்களா?" என்று கேட்டார். அவர் அமுக்கியதுதான் அதில் பாதி.

அப்போதுதான் நாற்காலியில் இருப்பவர் வேறு ஆள் என்று கவனித்தேன். அந்த அம்மா எங்கே என்று கேட்டேன். பேக்கிங்கின் மறுகோடியில் பிசிறு மேசை இருந்தது. கையில் சின்னக் கத்தரியோடு அவர் நின்றுகொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. சாப்பாட்டுக் கூடத்து வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். போர்டின் நடுவில் என் வெள்ளைச் சீட்டு. மேலே அவர் பெயரை முதலாளி தன் கையால் எழுதியிருந்தார். கீழே என் எழுத்து, அழுத்தமாக.

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. உடனே அந்த அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். "உன்ற மேல தப்பில்ல கண்ணு. போயிப் பழையபடி உக்காந்துக்க."

அவர் உட்காரவில்லை. "போர்டுல அந்தச் சீட்டு இருக்குதுங்க. எட்டு நாளா எல்லாரும் படிச்சுப் போட்டாங்க. அத எடுத்துட்டு, இப்ப இவுரு எழுதறதக் குத்துங்க. அப்பறம் உக்காந்துக்கறனுங்க."

நியாயமான கோரிக்கை. முதலாளி என்னைப் பார்த்தார். ஃபயர் சாரும் பார்த்தார். "ஆடிட் நேரமுங்க, பாத்து எழுதுங்க" என்று மெதுவாகச் சொன்னார். நான் சீட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். மஞ்சள் காப்பி கடைக்குப் போகும். ஃபயர்வாலை யார் அணைத்துவைத்தது என்று கடையில் கேட்பார்கள். முதல்முறை மாடி ஏறாமல் எப்படிக் காரணம் எழுதினாய் என்று கேட்பார்கள். காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: நெட்வொர்க் கோளாறு. சரிசெய்யப்பட்டது.

அந்த அம்மா சீட்டை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து நிதானமாகப் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். கோபமாகவெல்லாம் பேசவில்லை. எங்கள் ஊரில் திட்டுவதற்கும் ங்க போட்டுத்தான் திட்டுவார்கள்.

"இதுல யாரு மிஸ்டேக்குன்னு இல்லீங்களே. என்ற சீட்டுல மட்டும் இருந்துச்சுங்களே."

கிழித்துவிட்டு வேறு எழுதியிருக்கலாம். பேனா கையில்தான் இருந்தது, புத்தகத்தில் இன்னும் நிறையத் தாள்கள் இருந்தன. "அடுத்த தடவ வர்றப்ப மாத்தி எழுதித் தர்றனுங்க" என்றேன். அம்மா என்று கூப்பிட வாய் வரவில்லை. அவர் சீட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "பரவால்லீங்க. பிசிறு வெட்டறவங்களுக்கு யாரும் சீட்டு எழுதறதில்லீங்க" என்று சொல்லிவிட்டு மேசைக்குப் போனார். முதலாளி, "பிரிண்ட் வருதில்லீங்களா, விடுங்க" என்று சொல்லி எனக்கு டீ வரவழைத்தார். அந்த டீயைக் குடித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மனிதர்களைப் பற்றி எனக்கு எப்போதும் கொஞ்சம் ஏளனம் உண்டு. பொட்டு வைக்கிறவர்கள், படம் பிடித்துக் கோப்பில் போடுகிறவர்கள், திரும்பத் திரும்ப அமுக்குகிறவர்கள், எல்லோரையும் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே சம்பாதித்தவன் நான். அன்றைக்குப் பைக்கை எடுக்கும்போது எனக்கு என்மேல் வந்தது ஏளனம்கூட இல்லை. வெறும் அருவருப்பு.

ஒன்றரை மாதம் கழித்து அதே கம்பெனியில் இருந்து மறுபடி கூப்பிட்டார்கள். ஸ்டிக்கரில் எழுத்து ஒரு பக்கமாக ஒதுங்கி விழுகிறதாம். போகும்போது ஒரு முடிவோடு போனேன். சீட்டை வீட்டிலேயே எழுதி, காரணம் என்ற கட்டத்தில் சர்வீஸ் மிஸ்டேக் என்று போட்டு, கையெழுத்தும் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். பிசிறு மேசையில் அவர் இல்லை. வேறு கம்பெனிக்குப் போய்விட்டாராம், போய் மூன்று வாரம் ஆகிறதாம். எந்தக் கம்பெனி என்று யாருக்கும் தெரியவில்லை. போர்டில் பழைய சீட்டு அப்படியே இருந்தது. வெயில் பட்டு இங்க் கொஞ்சம் வெளுத்திருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. குண்டூசியைப் பிடுங்கி அதை எடுத்துவிட்டு, பையில் இருந்ததைக் குத்தினேன். கைகழுவ நின்ற இரண்டு பேர் பார்த்தார்கள். அவர்கள் புதியவர்கள், எடுத்த சீட்டில் இருந்தது யாருடைய பெயர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

பேக்கிங் மேசைக்குப் போனேன். நாற்காலியில் இருந்த பெண் என் தோள்பையைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, இரண்டடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நா எதையுமே தொடலீங்க சார். என்ற போனு வெளிய பையிலதாங்க இருக்குது, வேணும்னாப் பாத்துக்குங்க."

நான் இன்னும் ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை.